வைகறை திக்ரும் உடலின் ஒழுங்கும்: ஒரு வரலாற்றுப் பார்வை

மீஞ்சூரில் சுபுஹுடைய பாங்கு ஒலிக்கும் வேளையில் ஊர் முழுவதும் உறங்கிக்கொண்டிருப்பதில்லை. கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் மின்சார ரயில்கள் ஓடத் தொடங்கியிருக்கும். கம்பெனிப் பேருந்துக்காகச் சாப்பாட்டுப் பையுடன் சாலையோரம் நிற்போர் இருப்பர். வல்லூரிலும் அத்திப்பட்டிலும் காட்டுப்பள்ளியிலும் இரவு ஷிஃப்ட் பார்ப்போர், பணி முடிய இன்னும் எத்தனை நிமிடம் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பர். இத்தகைய ஊரில் அதிகாலையைப் பற்றியும் உடற்பயிற்சியைப் பற்றியும் எழுதுவது சிலருக்கு வேடிக்கையாகப் படலாம். உழைத்துக் களைத்தவனிடம் ஓடு என்று சொல்வதா என்று கேட்பார்கள்.

ஆயினும் நம் குடும்பங்களில் சர்க்கரை நோயோ இரத்த அழுத்தமோ இல்லாத வீடு இன்று அரிது. மருத்துவர் நடக்கச் சொல்கிறார். நாமும் நடக்கிறோம், இரண்டு வாரம் நடக்கிறோம். பிறகு ஒரு கல்யாணம் வருகிறது, ஒரு மழை வருகிறது, ஷிஃப்ட் மாறுகிறது. புதிதாக வாங்கிய காலணியில் வாசலோரம் தூசி படிகிறது. ஆறு மாதம் கழித்து இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து மறுபடியும் தொடங்குகிறோம். இவ்வாறு நாம் தொடங்கிய தடவைகளை எண்ணினால், நம்மிடம் ஊக்கம் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. தொடர்ச்சிதான் இல்லை. நம் முன்னோர் அதிகாலையை எவ்வாறு கழித்தனர், அதில் உள்ளத்துக்கும் உடலுக்கும் என்ன பங்கு இருந்தது என்று தேடிப் பார்த்ததில் கிடைத்தவற்றையே இங்கே எழுதுகிறோம்.

முதலில் நம் பக்கத்து ஊரிலிருந்தே தொடங்குவோம். பொன்னேரி வழியாக வடக்கே சென்றால் பழவேற்காடு. டச்சுக்காரர்கள் 1613இல் ஜெல்டிரியா கோட்டையைக் கட்டிய இடம் என்றுதான் பாடநூல்கள் அவ்வூரை அறிமுகப்படுத்துகின்றன. நமக்கோ அது மரக்காயர்கள் கப்பல் வணிகம் செய்த ஊர், பள்ளிவாசல்களின் ஊர். அங்குள்ள சின்னப் பள்ளிவாசலில் தொழுகை நேரம் கணிக்கப் பயன்பட்ட பழைய நிழல் கடிகாரம் ஒன்று உண்டு. ளுஹரையும் அஸரையும் அதில் பார்த்துச் சொல்லிவிடலாம். சுபுஹுக்கு அது உதவாது. நிழல் விழச் சூரியன் வேண்டுமே! சுபுஹுக்கு மனிதன் தானே கிழக்கு வானத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. அந்த நேரத்தைக் கருவியிடம் ஒப்படைக்காமல் விழிப்பிடம் ஒப்படைத்திருந்தார்கள்.

அக்காலத்து ஏரிக்கரை வாழ்க்கையில் உடற்பயிற்சி என்று தனியாக ஒன்று கிடையாது. படகைத் தள்ளுவதும், வலை இழுப்பதும், மூட்டை சுமப்பதும், தண்ணீர் எடுத்து வருவதும், உரலும் அம்மியும் உடலைப் பார்த்துக்கொண்டன. பெண்கள் பனை ஓலை முடைந்தனர். அவ்வூர் முஸ்லிம் பெண்களின் கைவேலையாக அது இன்றும் தொடர்கிறது. விழித்தவுடன் இறைவனின் நினைவு, அடுத்து உடலின் இயக்கம், அதன் வழியே வாழ்வாதாரம் என்று மூன்றும் ஒரே காலைப்பொழுதில் ஒரே கயிற்றில் முறுக்கப்பட்டிருந்தன. அந்த வாழ்க்கையை நாம் இனிமையானதாகக் காட்ட விரும்பவில்லை. அதில் பசியும் இருந்தது, காலராவும் இருந்தது. ஆனால் காலையில் நடப்பதற்கென்று ஒருவர் தம்மோடு தாமே போராட வேண்டிய நிலை மட்டும் இருக்கவில்லை.

நம் வட்டாரம் மாறியது அண்மையில்தான். வடசென்னை அனல்மின் நிலையம் 1994இல் மின்சாரம் உற்பத்தி செய்யத் தொடங்கியது. எண்ணூரின் புதிய துறைமுகம் 2001இலும், காட்டுப்பள்ளித் துறைமுகம் 2013இலும் இயங்கத் தொடங்கின. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலைக்குப் போவோர் பெருகினர். இவற்றால் நம் பிள்ளைகள் படித்தார்கள், வீடுகள் ஓடு நீங்கிக் காங்கிரீட் ஆயின. அதை மறுப்பது நன்றிகேடு. அதே வேளையில் உழைப்பின் தன்மை மாறிற்று. கிரேன் அறையில் எட்டு மணி நேரம் அமர்ந்திருப்பதும் உழைப்புதான். கட்டுப்பாட்டு அறைத் திரையைக் கண்கொட்டாமல் பார்ப்பதும் உழைப்புதான். கண்ணும் முதுகும் களைத்துப்போகும். ஆனால் கால் நடக்காது, மூச்சு வாங்காது. கயிற்றின் மூன்று புரிகளில் வாழ்வாதாரம் ஒரு பக்கம் போயிற்று, உடலின் இயக்கம் அறுந்து விழுந்தது. பழைய காலையில் இன்றும் இடம் மாறாமல் நிற்பது சுபுஹ் ஒன்றே. அறுந்த புரியை மீண்டும் கட்ட வேண்டுமானால், நிற்கும் புரியோடுதான் கட்ட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இது புதிய கருத்தன்று. நபி (ஸல்) அவர்களின் சொல்லிலேயே இதன் வேர் இருக்கிறது. உறங்குபவரின் பிடரியில் ஷைத்தான் மூன்று முடிச்சுகள் இடுகிறான் என்ற ஹதீஸை நாம் சிறு வயதிலேயே மத்ரஸாவில் கேட்டிருக்கிறோம். அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் இச்செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ளது. விழித்து அல்லாஹ்வை நினைத்தால் ஒரு முடிச்சும், ஒளூச் செய்தால் இரண்டாவதும், தொழுதால் மூன்றாவதும் அவிழ்கின்றன. இந்த ஹதீஸின் கடைசிப் பகுதியை நாம் போதிய கவனத்துடன் படிப்பதில்லை. முடிச்சுகள் அவிழ்ந்தவர் சுறுசுறுப்புடனும் நல்ல மனநிலையுடனும் காலையை அடைகிறார். அவிழாதவர் மந்தமான மனத்துடனும் சோம்பலுடனும் எழுகிறார் என்று அங்கே சொல்லப்படுகிறது. நன்மை எழுதப்படுவதைப் பற்றி மட்டும் பேசாமல், உடலின் துடிப்பையும் உள்ளத்தின் நிலையையும் ஒன்றாக வைத்து அந்த ஹதீஸ் பேசுகிறது. வரிசையையும் கவனிக்க வேண்டும். நினைவு முதலில், நீர் அடுத்து, இயக்கம் அதன்பின்.

ஸக்ர் அல்காமிதீ (ரலி) என்ற நபித்தோழரின் செய்தியும் இதனோடு சேரும். தம் சமுதாயத்தின் அதிகாலையில் பரக்கத் செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் துஆச் செய்ததை அறிவிப்பவர் அவர்தாம். அவர் ஒரு வணிகர். தம் சரக்கை அதிகாலையிலேயே அனுப்பிவைப்பார். அதனால் செல்வம் பெருகிற்று என்று திர்மிதியும் அபூதாவூதும் பதிவு செய்துள்ளனர். கேட்ட துஆவைக் கால அட்டவணையாக மாற்றிக்கொண்டவர் என்று அவரைச் சொல்லலாம்.

சுபுஹ் முடிந்ததும் நபியவர்கள் என்ன செய்தார்கள்? சூரியன் நன்கு உதிக்கும்வரை தொழுத இடத்திலேயே அமர்ந்திருப்பார்கள் என்று ஜாபிர் இப்னு ஸமுரா (ரலி) சொல்கிறார்கள்; முஸ்லிமில் உள்ள செய்தி இது. தோழர்கள் அங்கே அறியாமைக் காலத்து நிகழ்ச்சிகளைப் பேசிச் சிரிப்பார்களாம், நபியவர்கள் புன்னகைப்பார்களாம். இந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் நமக்கு ஓர் ஆறுதல் பிறக்கிறது. அதிகாலை அமைதி என்றால் கண்களை இறுக மூடிக்கொண்டு விறைத்து உட்கார்வது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். மதீனாவின் அந்த அமர்வில் சிரிப்புக்கும் இடமிருந்தது.

இன்று 'மைண்ட்ஃபுல்னெஸ்' என்ற சொல் கைபேசிச் செயலிகள் முதல் அலுவலகப் பயிற்சி வகுப்புகள் வரை புழங்குகிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபட்-ஜின் என்பவர் 1979இல் மன அழுத்தத்தைக் குறைக்கும் பயிற்சித் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். பௌத்தத் தியான மரபிலிருந்து எடுத்து, சமயச் சாயல் நீக்கி, மருத்துவமனைக்குள் அதை அவர் கொண்டுவந்தார். அதன் பயனை நாம் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. நம் மரபில் இதற்கு நெருங்கி வரும் சொற்கள் வேறு: ஹுளூருல் கல்ப், அதாவது உள்ளம் உடனிருத்தல், முராகபா, இறைவன் நம்மைப் பார்க்கிறான் என்ற உணர்வுடன் இருத்தல், தஃபக்குர், ஆழ்ந்து சிந்தித்தல். அங்கே மூச்சைக் கவனிக்கிறார்கள். இங்கே மூச்சைத் தந்தவனை நினைக்கிறோம். இரண்டும் ஒன்றல்ல. ஆயினும், சிதறிய மனத்தை ஓரிடத்தில் அமர்த்திவிட்டு நாளைத் தொடங்குவது என்ற ஒன்றில் இரண்டும் சந்திக்கின்றன.

தஃபக்குருக்குக் காலை நேரத்தில் ஓர் இடம் ஒதுக்கிக் கொடுத்தவர்களுள் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) முதன்மையானவர். 1111இல் மறைந்த அவருடைய 'பிதாயத்துல் ஹிதாயா' நம் மத்ரஸாக்களில் ஓதப்படும் சிறு நூல். துயில் எழுவது முதல் ஒரு முஸ்லிமின் நாள் எப்படி அமைய வேண்டும் என்று அது படிப்படியாகச் சொல்கிறது. சுபுஹுக்கும் சூரிய உதயத்துக்கும் இடைப்பட்ட பொழுதை இமாமவர்கள் நான்காகப் பிரிக்கிறார்கள்: துஆ, திக்ர், குர்ஆன் ஓதுதல், தஃபக்குர். அந்தச் சிந்தனையில் கழிந்த நாளின் குறைகளையும், வரவிருக்கும் நாளை எவ்வாறு கழிப்பது என்பதையும் எண்ணிப் பார்க்கச் சொல்கிறார்கள். நடைமுறையில் இதுவே அன்றைய நாளின் திட்டம் போடும் நேரம்.

அதே இமாம் தம் 'இஹ்யா'வில் உள்ளத்தைப் பழக்குவது பற்றி ஒரு தனி நூலே எழுதினார். அதன் பெயர் 'ரியாளதுன் நஃப்ஸ்'. ரியாளா என்ற அரபுச் சொல்லுக்கு உள்ளப் பயிற்சி என்றும் பொருள், உடற்பயிற்சி என்றும் பொருள். இன்றும் அரபு நாட்டு நாளிதழில் விளையாட்டுப் பக்கத்தின் தலைப்பு அதுவே. குதிரையைப் பழக்குவதற்கு வழங்கிய சொல் அது. உள்ளத்தைப் பற்றிய அந்நூலில் பிள்ளை வளர்ப்புப் பகுதிக்கு வந்ததும் இமாமவர்கள் சொல்வதைப் பாருங்கள்: சிறுவனைச் சோம்பல் பற்றிக்கொள்ளாமலிருக்க நாளின் ஒரு பகுதியில் நடை, அசைவு, உடற்பயிற்சி ஆகியவற்றுக்குப் பழக்க வேண்டும் என்கிறார்கள். டியூஷனிலிருந்து டியூஷனுக்குப் பிள்ளைகளை வண்டியில் ஏற்றிச் செல்லும் நாம் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

மருத்துவர்களும் இதே முடிவுக்கு வேறு வழியாக வந்தனர். 934இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ, உடல்கள் மற்றும் உள்ளங்களின் நலன்கள் என்ற பொருள்படும் நூலை எழுதினார். முதல் பகுதியின் பதினான்கு அத்தியாயங்கள் உடலுக்கு. இரண்டாம் பகுதியின் எட்டு அத்தியாயங்கள் உள்ளத்துக்கு. இரண்டையும் ஒரே அட்டைக்குள் வைத்ததே அவருடைய துணிவு. உடல் நோயுற்றால் சிந்தனை தடுமாறுகிறது. உள்ளம் நோயுற்றால் உடல் தன் இன்பங்களை இழக்கிறது என்று அவர் வாதிட்டார். அவருக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின் வந்த இப்னு சீனா, ஆரோக்கியத்தைக் காப்பதில் உடற்பயிற்சியை முதலிலும், உணவையும் உறக்கத்தையும் அதன் பின்னும் வைத்தார். நாம் இன்று உணவுக் கட்டுப்பாட்டை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குகிறோம். யூனானி வைத்திய முறை இன்றளவும் கற்பிக்கும் ஆறு இன்றியமையாத காரணிகளில், உடலின் இயக்கமும் ஓய்வும் ஒன்று. அதற்கு இணையாக உள்ளத்தின் இயக்கமும் ஓய்வும் இன்னொன்று.

இங்கே ஓர் எதிர்ப்பு எழும் என்பதை அறிவோம். திக்ர் என்பது இபாதத்; அதைத் தொப்பையைக் குறைக்கும் உபாயமாக ஆக்கலாமா? நம்மில் வயதில் மூத்த ஒருவர் இதை நேரடியாகவே கேட்டார். அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. உடல் இளைப்பதற்காகத் தஸ்பீஹ் சொல்பவர் உடல் இளைத்ததும் தஸ்பீஹை விட்டுவிடுவார். ஆனால் திக்ரின் கூலி மறுமையில் மட்டும்தான் என்று நம் முன்னோர் கருதவில்லை என்பதற்கு ஃபாத்திமா (ரலி) அவர்களின் வரலாறே சான்று.

திருகை சுற்றி அவர்களின் கைகள் காய்த்துப்போயின. வீட்டு வேலையின் பளு தாங்க முடியாமல், ஒரு பணியாளைக் கேட்கத் தந்தையைத் தேடிச் சென்றார்கள். நபியவர்கள் அங்கே இல்லை. ஆயிஷா (ரலி) அவர்களிடம் சொல்லிவிட்டுத் திரும்பினார்கள். இரவில், கணவனும் மனைவியும் படுத்துவிட்ட பிறகு, நபியவர்களே அவர்கள் வீட்டுக்கு வந்து இருவருக்கும் நடுவில் அமர்ந்தார்கள். பணியாளைவிடச் சிறந்தது என்று அவர்கள் கற்றுக்கொடுத்தது, படுக்கைக்குச் செல்லும்போது ஸுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34 தடவை சொல்வதைத்தான். உடல் வலிக்கான விண்ணப்பத்துக்கு திக்ர் விடையாகக் கிடைத்தது. அதைக் கேட்ட நாளிலிருந்து ஒருபோதும் விடவில்லை என்று அலி (ரலி) சொன்னார்கள். ஸிஃப்பீன் போரின் இரவிலுமா என்று கேட்கப்பட்டபோது, அந்த இரவிலும் விடவில்லை என்றார்கள். ஸிஃப்பீன் நடந்தது 657இல். நபியவர்கள் மறைந்து இருபத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன; முஸ்லிம்களின் வாள் முஸ்லிம்கள் மீதே திரும்பியிருந்த கொடிய காலம் அது. தொடர்ச்சி என்ற சொல்லுக்கு இதைவிட எடுத்துக்காட்டு நமக்குத் தெரியாது. நாமோ கல்யாண வாரத்தில் நடையை விட்டுவிட்டோம் என்று முன்னரே ஒப்புக்கொண்டோம்.

இந்த ஹதீஸிலிருந்து, திக்ரைத் தொடர்பவர் வேலையின் களைப்பால் வீழ்த்தப்படமாட்டார் என்று இப்னு தைமிய்யா விளக்கம் எடுத்தார். அவரை ஏற்போரும் மறுப்போரும் நம் ஊர்களில் உண்டு. அந்தச் சர்ச்சைக்குள் நாம் போகவில்லை. அவருடைய மாணவர் இப்னுல் கய்யிம் தாம் கண்ணால் பார்த்த ஒன்றைத் தம் 'அல்வாபிலுஸ் ஸய்யிப்' நூலில் எழுதியிருக்கிறார். ஆசிரியர் சுபுஹ் தொழுதுவிட்டு நண்பகலை நெருங்கும்வரை திக்ரில் அமர்ந்திருந்தாராம். பிறகு மாணவரை நோக்கி, இதுவே தம் காலை உணவு என்றும், இதை உண்ணாவிட்டால் தம் வலிமை விழுந்துவிடும் என்றும் சொன்னாராம். இப்னுல் கய்யிம் இன்னொரு நூலில் உடற்பயிற்சி பற்றியும் எழுதினார். ஒவ்வோர் உறுப்புக்கும் அதற்குரிய பயிற்சி உண்டு என்று சொல்லும் அவர், தொழுகையையும் உடல்நலம் காக்கும் செயல்களுள் சேர்க்கிறார். நோக்கம் இறைவன், வலிமை அதன் கூடவே வரும் விளைவு. மூத்தவருக்கு நாம் சொன்ன பதிலும் இதுவே. அவர் முழுமையாக ஏற்கவில்லை. ஆனால் மறுநாள் நடக்க வந்தார்.

தமிழ்க் கரையிலும் அதிகாலை திக்ர் வெறும் ஏட்டுச் செய்தியாக இருக்கவில்லை. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இலங்கையின் கடலோர ஊர்களிலும் காதிரிய்யா, ஷாதுலிய்யா தரீக்காக்களின் விர்துகள் கூட்டாக ஓதப்பட்டு வந்துள்ளன. கீழக்கரையின் இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) அவர்கள் மத்ரஸாவும் நடத்தினார்கள், அறபுத்தமிழில் நூல்களும் எழுதினார்கள், தரீக்காவையும் வழிநடத்தினார்கள். விர்து என்ற சொல்லிலேயே தொடர்ச்சி அடங்கியிருக்கிறது: குறித்த நேரத்தில், குறித்த அளவில், நாள்தோறும் செய்வது. குறைவாயினும் தொடர்ந்து செய்யப்படும் செயலே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்ற ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பை வாழ்க்கை முறையாக மாற்றியவர்கள் அவர்கள். பாரசீகத்தின் ஸூர்கானா என்னும் மல்யுத்தக் கூடங்களில் முரசும் இறைப்புகழும் சேர்ந்தே உடற்பயிற்சி நடப்பதையும் இங்கே நினைக்கலாம். யுனெஸ்கோ 2010இல் அதை மரபுச் சொத்தாக ஏற்றது.

நம் காலத்துக்கு வருவோம். அண்டை மாநிலத்தில், மலப்புறம் மாவட்டத்துக் கொண்டோட்டி அருகே துறக்கல் என்ற ஊரில், ஸலாஹுத்தீன் என்ற ஓய்வுபெற்ற படைவீரர் 2012இல் 'மெக் செவன்' என்ற காலைப் பயிற்சியைத் தொடங்கினார். எளிய உடற்பயிற்சி, ஏரோபிக்ஸ், யோகா, ஆழ்ந்த மூச்சு, அக்குபிரஷர், தியானம், முகத் தடவல் என ஏழும் கலந்தது. 21 பயிற்சிகள், ஏறக்குறைய 21 நிமிடம். முதல் பத்தாண்டில் அது பெரிதாக வளரவில்லை. 2022க்குப் பின் மலபார் முழுவதும் கிளைகள் பரவின. முஸ்லிம்கள் பெருமளவில் வந்தனர், பிற சமயத்தாரும் வந்தனர், பெண்களும் வந்தனர். 2024 டிசம்பரில் இதற்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று அரசியல் சர்ச்சை கிளம்பிற்று. ஆலிம்களுள் சிலரும் குறை கூறினர். விடியலில் சில முதியவர்கள் கைகளை உயர்த்தி மூச்சு விடுவதற்கு இத்தனை அமளியா என்று நமக்குத் தோன்றியது.

நாம் அதில் கற்க விரும்புவது அளவை. நாளொன்றுக்கு 21 நிமிடம் என்றால் வாரத்துக்கு 147. வளர்ந்தோர் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. மூன்று நிமிடம்தான் குறைகிறது! ஒரு மணி நேரம் ஓடுவேன் என்று சபதம் செய்து பத்தாம் நாள் விட்டுவிடும் நமக்கு இந்தச் சிறிய அளவு ஒரு பாடம். கணுக்காலில் எலும்பு தேய்ந்தவரும் வயிறு பெருத்தவரும் செய்யக்கூடிய அளவு அது.

பழக்கம் எவ்வாறு உருவாகிறது என்பது பற்றி லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் அவர் குழுவினரும் செய்த ஆய்வு ஒன்றையும் சொல்ல வேண்டும். 96 பேர் கலந்துகொண்டனர். ஒவ்வொருவரும், காலை உணவுக்குப் பின் என்பது போல், அன்றாடம் தவறாமல் நிகழும் ஒன்றோடு ஒரு புதிய செயலை இணைத்துக்கொண்டனர். அது தானாக நிகழும் பழக்கமாக மாற 18 நாள் முதல் 254 நாள் வரை ஆகுமென்று கணக்கிடப்பட்டது. நடுவளவு 66 நாள். இடையில் ஒரு நாள் தவறினாலும் பெரிய பாதிப்பு ஏற்படவில்லை. இதில் நமக்கு முக்கியமானது அந்த இணைப்பு. மனவுறுதியை நம்பாமல், ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் ஒன்றின் வாலில் புதியதைக் கட்டுகிறார்கள். காலை உணவு தள்ளிப்போகும், செய்தித்தாள் தாமதமாகும். சுபுஹ் அவ்வாறன்று.

நம் ஊர் அமைந்திருக்கும் இடமும் இதற்குச் சாதகமானது. மீஞ்சூரில் சுபுஹ் நேரம் ஜூன் மாதம் 4.20 அளவிலும் ஜனவரியில் 5.20 அளவிலும் தொடங்குகிறது. ஆண்டு முழுவதும் ஒரு மணி நேர அளவே நகர்கிறது. பாங்குக்கும் சூரிய உதயத்துக்கும் இடையே எப்போதும் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் இருக்கிறது. லண்டனில் குடியேறிய நம் உறவினர்களுக்கு அது கோடையில் 3 மணிக்கும் முன்னதாக வருகிறது, குளிர்காலத்தில் 6 மணிக்கும் பின்னால் போகிறது. அவர்கள் காலை நடையைச் சுபுஹோடு கட்டுவது எளிதன்று. நிலநடுக்கோட்டுக்கு அருகில் வாழும் நமக்கு வாய்த்த இந்த ஒழுங்கை நாம் ஓர் அருளாக எண்ணிப் பார்த்ததே இல்லை.

நம் பள்ளிவாசலில் நாம் சிலர் செய்வது இவ்வளவே. சலாம் கொடுத்ததும் கைபேசியை எடுப்பதில்லை. பத்து நிமிடம் தஸ்பீஹும் காலை துஆக்களும். அதன் முடிவில் ஒரு நிமிடம், நேற்றைய உடலையும் இன்றைய வேலையையும் எண்ணிப் பார்த்தல். நேற்று எதை உண்டோம், எங்கே வலித்தது, இன்று எந்த ஷிஃப்ட். பிறகு எழுந்து, அரை மணி நடை. பத்து நிமிட அமர்வு இல்லாமல் நேராக நடக்கச் சென்ற நாட்களில் அடிக்கடி நின்றுவிட்டோம். முழங்கால் வலித்தால் நின்றோம், மனம் வலித்தாலும் நின்றோம். அமர்ந்து எழுந்த நாட்களில், நடை ஒரு தனி முயற்சியாகத் தெரியவில்லை. தொழுகையின் பின்பகுதி போலத் தெரிந்தது. சலாம் கொடுத்தபின் தெருவில் நீளும் ஒரு பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லோருக்கும் இது பொருந்தவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இரவு 10 மணி ஷிஃப்ட் பார்ப்பவர் காலை 6 மணிக்கு விடுபடுகிறார். அவரிடம் சுபுஹுக்குப் பின் நட என்று சொல்வது அவர் உறக்கத்தைத் திருடுவதாகும். உறங்க வேண்டிய உடலை உறங்க விடுவதும் அமானிதம் காப்பதுதான். எங்களுள் அப்படிப்பட்ட ஒருவர் பணியிடத்திலேயே சுபுஹ் தொழுகிறார், பேருந்தில் தஸ்பீஹ் சொல்லிக்கொண்டு வருகிறார், வீட்டுக்கு வந்து உறங்குகிறார். அவருடைய நடை அஸருக்குப் பின். தொழுகையோடு கட்டும் அதே முறைதான். கட்டும் தொழுகை மட்டும் வேறு.

பெண்களின் காலை இன்னும் கடினமானது. பிள்ளைகளின் சாப்பாட்டு டப்பாவும் கணவனின் டப்பாவும் 6 மணிக்குள் தயாராக வேண்டும். அவர்களிடம் தஸ்பீஹையும் நடையையும் பற்றிப் பேசிவிட்டு நாம் எழுந்து போய்விட்டால், ஃபாத்திமா (ரலி) அவர்களின் காய்த்த கைகளை நாம் படித்ததற்குப் பொருளில்லை. நபியவர்கள் வீட்டு வேலைகளில் தம் குடும்பத்தாருக்கு உதவியாக இருந்தார்கள் என்று ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள். எங்கள் தெருவில் இரண்டு வீடுகளில் இப்போது ஆண்கள் நடையிலிருந்து திரும்பியதும் அடுப்படிக்குள் போகிறார்கள்; பெண்கள் மொட்டை மாடிக்குப் போகிறார்கள். இருபது நிமிடம். ஒரு வீட்டில் மருமகள் மாமியாரைக் கையைப் பிடித்து அழைத்துச் செல்கிறார். சாம்பாரில் உப்புக் கூடிவிட்ட நாட்கள் உண்டு. அதைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

சென்ற வடகிழக்குப் பருவமழையில் தெருவெல்லாம் நீர் தேங்கியபோது, நடை இந்த முறையும் நின்றுவிடும் என்றே எண்ணினோம். முதல் நாள் நின்றது. இரண்டாம் நாள் தஸ்பீஹ் முடித்து எழுந்தபோது, முன்னர் கேள்வி கேட்ட அந்த மூத்தவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பள்ளிவாசலின் வெளித் தாழ்வாரத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடக்கத் தொடங்கியிருந்தார். ஒரு கோடிக்கு நாற்பத்திரண்டு அடி என்று எண்ணியும் வைத்திருந்தார்.